பூட்டுக்காரரின் வெள்ளோட்டம்

கேட்டைத் திறந்துகொண்டு வந்தவரைப் பார்த்தால் பஸ்ஸில் போய் வந்தவர் போலவா இருந்தது? ஏதோ ஒரு போரில் தோற்று, உயிரோடு விட்டார்களே அதுவே போதும் என்று ஓடி வந்தவர் போல இருந்தது.

சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணோம். இடது காலில் இருந்த செருப்பு யாருடையதோ.

இத்தனைக்கும் அவர் இன்று வேலைக்கே போகவில்லை. லீவு போட்டுவிட்டு, தொழிற்சாலைக் கேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். வெள்ளோட்டம்.

ஊரைத் தாண்டி, ஊருக்கு அடுத்த ஊரையும் தாண்டி, பாதி வாடகைக்கு முழு வீடு. மூன்று அறை, வேண்டிய மட்டும் காற்று, பின்னால் ஒரு மரம். ஆனால் இங்கிருந்து வேலைக்குப் போய் வர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாமல் எப்படி முன்பணம் கொடுப்பது?

யோசனை மனைவியுடையதுதான். "ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தா சரியா வராதுங்க. கூட்டம் நெரியுற நாளாப் பார்த்துப் போங்க."

என்ன அக்கறை! அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இருட்டோடு எழுந்து, காலி ரோட்டில் வாடகைக் காரில் மனைவியோடு கடைசி முறையாக வீட்டைப் பார்க்க வந்து, அவளை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆறு மணிக்குக் கிளம்பினார்.

முதல் பஸ்ஸில் ஐம்பது பேர் நிற்கும் இடத்தில் ஐந்நூறு பேர். ரயிலில் அவர் கால் தரையில் படவே இல்லை. ஒன்பது ஸ்டேஷனையும் அந்தரத்தில் மிதந்தே கடந்தார். மூக்கு அரித்தது. எட்டிய கையால் சொறிந்தார். சொறிந்தது பக்கத்து ஆளின் மூக்கை. அந்த ஆள் மூக்கை இன்னும் வாகாகக் காட்டினார், அவருக்கும் அரித்ததோ என்னவோ. அப்புறம் இன்னொரு பஸ். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

போக இரண்டு மணி நாற்பது நிமிடம். வரவும் அதே இரண்டு மணி நாற்பது நிமிடம்.

இப்போது குடியிருக்கும் வீடோ தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. பதினெட்டு வருஷமாக மதியச் சாப்பாட்டுக்கு வீடு, நாலு மணி டீக்கு வீடு, சாயங்காலம் சங்கு ஊதி அடங்குவதற்குள் வீடு.

அவர் பூட்டுகளுக்குத் தரம் பார்ப்பவர். ஒவ்வொரு பூட்டையும் பத்து முறை பூட்டிப் பத்து முறை திறப்பார். சாவி ஒரு மயிரிழை முரண்டு பிடித்தாலும், "மறுபடி" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் கண் சும்மா இருக்குமா? டம்ளரின் விளிம்பு, மடித்த போர்வையின் மூலை, வெங்காயம் நறுக்கிய அளவு, மனைவி சிரித்த சத்தம். குறை கண்டால் அன்பாகத்தான் சொல்வார்: "மறுபடி." ஒருநாள் அவள் தும்மியதற்கே அப்படிச் சொன்னார் என்று அக்கம்பக்கத்தில் சத்தியம் செய்கிறார்கள்.

மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீட்டுக்கார அம்மா. காலையிலிருந்து இரண்டு பேரும் பேசித் தீர்த்திருப்பார்கள் போல. அந்த அம்மாவின் கண் லேசாகச் சிவந்திருந்தது.

"என்னங்க, எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவள் கண்ணில் இப்படி ஓர் ஆசையை அவர் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், அவ்வளவு தூரம் வேண்டாங்க, உங்க உடம்பு என்னாவது என்று வீட்டையே வேண்டாம் என்பாளே! இவளுக்காக இதைக்கூடத் தாங்க மாட்டேனா?

தியாகம் செய்வது என்று முடிவெடுத்துவிட்டவருக்குப் பொய் தானாகவே வந்தது.

"ஒரு மணி நேரம்தான். பூ மாதிரி போயிட்டு வந்துட்டேன்."

சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபதைக் காட்டியது. அதையும் சமாளித்தார். "வாட்ச்மேன் பிடிச்சுக்கிட்டான். மூணு மணி நேரத்துக்கு மேல அவன் மூட்டு வலியைப் பத்தியே பேசறான், என்ன செய்யறது?"

அந்த வாட்ச்மேன் பிறந்ததிலிருந்து மொத்தமே நாற்பது வார்த்தைதான் பேசியிருப்பார்.

"ஒரு மணி நேரம்தானா?"

அவள் முகம் வாடிவிட்டது. பாவம், அந்த ஒரு மணி நேரத்தைக்கூட இவளால் பொறுக்க முடியவில்லையே என்று அவர் உருகிப்போனார்.

"அட, ஒரு மணி நேரமெல்லாம் ஒரு நேரமா? விடு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. வீட்டுக்கார அம்மா பக்கம் திரும்பினாள்.

"இது பத்தாதுக்கா. இன்னும் தள்ளி எங்கயாவது வீடு இருக்கா?"

அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

"என் தங்கச்சி வீடு ஒண்ணு காலியா இருக்கு. இங்கேருந்து இன்னும் ஒண்ணரை மணி நேரம் போகணும். ஆனா வாடகை இதைவிட ஜாஸ்தியாச்சேம்மா."

"பரவாயில்லக்கா."

ஆயிரம் சாவிகளுக்கு நடுவில் ஒரே ஒரு கோணல் பல்லைக் கண்டுபிடிக்கிறவர் அவர். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று சொல்லிவிட வாயைத் திறந்தார்.

சொன்னால் அவள் முகம் எப்படி மலரும் என்று தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டார்.