ஆறு வயது விஸ்கி

கென்டக்கியின் அந்தக் கிடங்குக்குள் ஒரே வாரத்தில் விஸ்கிக்கு ஆறு வயதாகிவிடும். மேலடுக்குச் சூட்டில் கிடக்கும் ஓக் பீப்பாய்களைக் கீழே இறக்கி மாற்றிவைக்க ஆள் போகத்தான் வேண்டும். அருளப்பன் கல்யாணமான நாளிலிருந்து தினமும் ஒரு மணிநேரம் போனான். உள்ளே அது பதின்மூன்று நாள். சாப்பாடு, போர்வை எல்லாம் எடுத்துப்போவான்.

கல்யாணத்தின்போது அவனுக்கும் ரெஜினாவுக்கும் இருபத்தெட்டு. அது நடந்து இரண்டு வருடமாகிறது.

அன்று வேலை முடிந்து வெளியே வந்து அவள் காரில் ஏறினான்.

"அன்னைக்குக் கேட்டேனே, குழந்தை விஷயம். என்ன சொல்ற?"

"இன்னைக்குக் காலையிலதான் கேட்டீங்க." வண்டியைக் கிளப்பினாள். "என் படிப்பு முடியட்டும். இன்னும் ரெண்டே வருஷம்தானே."

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனுடைய நரைத்த தலையைத் திரும்பிப் பார்த்த ரெஜினா, வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.