காக்கை உத்தியோகம்

கடைசி மரத்தையும் வெட்டியதும் காக்கைகள் ஊரைவிட்டே போய்விட்டன. அமாவாசைப் படையல் மொட்டைமாடிகளில் காய்ந்து கருங்கல்லானது. காக்கை வாய்வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாதே! பாதி ஊர் ஈர்க்குச்சியாய் இளைத்துவிட்டது. மனைவி போனபின் தனியாக இருந்த தெய்வநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாடிச் சுவரில் ஏறிக் குந்தி, தலையைச் சாய்த்துப் பார்த்து, படையலில் ஒரு வாய் கொத்தினார்.

"அண்ணே, எங்க மாமனாரே வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு!" என்று கண்ணைத் துடைத்தாள் அந்த வீட்டுப் பூரணி.

அன்றிலிருந்து நூறு மாடிகள் அவரை "கா... கா..." என்று அழைத்தன. அவர் தின்ற வடைகளை அடுக்கினால் கோபுரத்தைத் தாண்டும். ஆனால் ஒருவரும் வீட்டுக்குள் வரச் சொல்லவில்லை.

"காக்காய யாராச்சும் உள்ள விடுவாங்களாண்ணே?" என்று சிரித்தாள் பூரணி.

மனைவி கோமதியின் திதி வந்தது. அவரே சமைத்து, அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய் வதக்கலோடு தன் மாடிச் சுவரில் இலை போட்டார். கூப்பிட்டார். ஒரு காக்கையும் வரவில்லை.

"நீங்களே கொத்திக்க வேண்டியதுதானேண்ணே?" என்றாள் பக்கத்து மாடியில் துணி உலர்த்திய பூரணி.

"நானே வந்தா, கோமதி வந்தான்னு நான் எப்படிம்மா நம்புறது?"

அவள் சிரிக்கவில்லை; இரண்டு மாடிக்கும் இடையிலிருந்த சுவரை ஒருமுறை பார்த்தாள்.

வெயில் சாய்ந்தது. தெய்வநாயகம் இலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடைசியாக ஒருமுறை கூப்பிட்டார். பின்னால் இலை சரசரத்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.