அக்கமும் பக்கமும்

கணினிப் பாடம் ஒன்றில் ஒரு விடைக் கட்டம் இருந்தது. வாக்கியத்தில் விட்டுப்போன இடத்தை நிரப்ப வரும் சொற்களை அது ஒற்றையாகத்தான் உள்ளே விடும். "அவன் ______ பார்க்காமல் சாலையைக் கடந்தான்" என்ற வாக்கியத்துக்கு அக்கமும் பக்கமும் கைகோத்து வந்தன.

"ஏய், ஒரு ஆளுக்குத்தான் இடம்!" என்று அதட்டியது கட்டம்.

அக்கம் பிடித்திருந்த கையை விட்டது. பக்கம் கெட்டிக்காரன். புத்தகத்தில் பக்கம், தெருவில் வலது பக்கம் என்று எங்கேயும் பிழைத்துக்கொள்வான். தனியாக நிற்கும் அக்கத்தை யாருக்குத் தெரியும்?

"நீயாவது போடா" என்றது மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பக்கம் அரை மனதோடு போய் உட்கார்ந்தது. "அவன் பக்கம் பார்க்காமல் சாலையைக் கடந்தான்" என்று தன்னையே படித்துப் பார்த்த வாக்கியம் அலறியது: "ஐயையோ! எவன் பக்கம்? அப்போது கடந்தது யார்?"

கட்டத்துக்குத் தலை சுற்றியது. "அந்த அழுமூஞ்சியையும் கூப்பிடு!"

அக்கம் ஒரே தாவாகத் தாவியது. "நடுவில் இடைவெளி இருக்கிறதே, பரவாயில்லையா?"

"மூச்சு விட வேண்டாமா? உட்கார்!"

சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. அக்கம் துள்ளிய துள்ளலில் முற்றுப்புள்ளி உருண்டு ஓடியது. சேதி கேட்டு அரக்கவும் பரக்கவும் அரக்கப் பரக்க ஓடி வந்தன. கன்னாவும் பின்னாவும் கன்னா பின்னாவென்று நுழைந்தன.

கடைசியாக வீடு வந்து பணிவாக நின்றது.

கட்டம் அதன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. "ஏம்மா, தனியாகவா வந்தாய்? வாசல் வரவில்லையா?"