லண்டன் படிப்பு

லண்டனில் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸ் கட்டுவதற்காக ரெத்தினதாஸ் வாத்தியார் வெள்ளறடையில் ரப்பர் மரங்கள் நின்ற விளையை விற்றார்.

"பயல அங்க அனுப்பினா திரும்பி வரமாட்டான் சாரே," என்றார் விளையை வாங்கிய ராஜன். "ஒரு வெள்ளக்காரியக் கெட்டிட்டு அங்கேயே கூடிருவான்."

வாத்தியாருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தப் பயம் எனக்கு இல்ல," என்றார். ஆனாலும், திரும்பி வரமாட்டான் என்ற பேச்சு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் மகன் வினீத் தேம்பித் தேம்பி அழுதான்.

"கரையாத மக்கா. ரெண்டு வருசம் சட்டுனு போயிரும்," என்று அவன் முதுகைத் தட்டினார் வாத்தியார்.

"விளைய வித்ததுல அப்பாக்கு வெசனம் இல்லியா?"

"நான் பி.எட். படிக்கதுக்கு நைட் டூட்டி பாத்து ஃபீஸ் கெட்டினது உனக்க அம்மையாக்கும். இப்போ எனக்க முறை."

பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையப்போன புஷ்பபாய் திரும்பி நின்றாள். பத்தொன்பது வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள்.

"அப்பனும் மகனும் சோறு வைக்கப் படியுங்க. நான் நர்சிங் டிகிரி படிச்சிட்டு வாறேன்."