தராசில் தொங்கிய சுறா

"வயித்துல குட்டியிருக்கு சார், நூலை அறுத்து விட்டுருங்க" என்று படகிலேயே தொண்டை வறளக் கத்தினேன். தூண்டில் போட்டிக்கு வந்த சேதுமாதவன் காதில் வாங்கவில்லை. பெரிய மீனுக்குத்தான் கோப்பை. பெரிய சுறா என்றாலே பெட்டைதான் என்று எத்தனை பேரிடம் சொல்லி மாய்வது? கரையில் வாலில் கயிறு கட்டித் தராசில் தலைகீழாகத் தூக்கினார்கள். சேதுமாதவன் அதன் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்கும்போதே அதன் வயிற்றிலிருந்து குட்டிகள் பிதுங்கி வழுக்கி விழுந்து, அவருடைய காலணிமேல் துள்ளின. தராசு முள் இறங்கியது. அகப்பட்டவற்றை வாளியில் அள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடினேன்.

"யோவ் இன்னாசி, அதுவும் என் எடைதான்யா!"

திரும்பிப் பார்த்தேன். மிச்சமிருந்த ஒரு குட்டியைத் தாயின் வாய்க்குள் திணித்து, விழாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.