வாய் வைக்கும் இடம்

மூச்சுச் சோதனைக் கருவியின் திரையில் ஒரு பலூன். இரண்டு கோடுகளுக்கு நடுவில் அது பத்து நொடி நிற்க வேண்டும். அவள் ஊதும் மூச்சில்தான் நிற்க வேண்டும்.

ஊதுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துத்தான் வந்தாள். இரண்டு தடவை இருமல் வந்து கெடுத்தது. சனியன், மூன்று மாதமாக இதே பாடு.

மூன்றாவது தடவை பலூன் நின்றது.

சோதனை எடுக்கும் ரெஜினா திரையில் வந்த எண்ணைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

“இந்த இருமு இருமுறீங்க. மூச்சுக்குழாய்ல வீக்கமே இல்லைன்னு காட்டுது. நெசமாவே வாயில வச்சு இழுக்கிற மருந்து பம்ப் எதுவும் அடிக்கலையாம்மா?”

காலையில் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

பம்ப்பில் ஒட்டியிருந்த சீட்டை ரெஜினா படித்தாள். சவரிமுத்து, வயது 61.

“வீட்டுக்காரரோடதா? அவருக்கு வேண்டாமா?”

“அவங்க போய் மூணு மாசம் ஆச்சு.”



இருமலுக்காக அவள் அதை அடிக்கவில்லை. தினமும் காலையில் ஒரே ஒரு தடவை. அவர் உதடு பட்ட இடத்தில் தன் உதட்டை வைக்க, பாவி மனுஷிக்கு வேறு வழி தெரியவில்லை.

“அதாம்மா எண் இறங்கிடுச்சு. உள்ள இருக்கிற வீக்கத்தை இந்த மருந்து அமுக்கிக் காட்டுது.” ரெஜினா பம்ப்பைத் திருப்பிப் பார்த்தாள். “அய்யோ, இதைக் கழுவவே மாட்டீங்களா? வாய் வைக்கிற இடத்துல எவ்வளவு படிஞ்சு கிடக்கு. குடுங்க, நானே கழுவித் தாறேன்.”

நல்ல பெண். இளகின மனசு. அதுதான் வினை.

ரெஜினா மருந்து டப்பியை உருவி மேசையில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கூட்டை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த குழாய்க்குப் போனாள்.

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

இருமல் வந்தது.

விடாமல் வந்தது. கையை நீட்டி ஆட்டினாள்.

“இருங்கம்மா, இதை முடிச்சிட்டு உங்களுக்குத் தண்ணி தாறேன்.”

குழாய் திறந்தது.

கழுவி, உதறி, பஞ்சால் துடைத்து, ரெஜினா அதை அவள் உள்ளங்கையில் வைத்தாள். புதுசு மாதிரி இருந்தது.

இருமல் அப்போது நின்றிருந்தது.

“நல்லாயிரு தாயி,” என்றாள்.