பின்சீட்டில் ரத்தம்

வண்டியின் பின்கதவைத் திறந்ததும் மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டார். மடக்கிப் போட்ட பின்சீட்டில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. ஓரங்களில் இன்னும் பிசுபிசுப்பு, அதன்மேல் ஈக்கள்.

மூலையில் சுருட்டிக் கிடந்த போர்வையிலும் ரத்தம். பக்கத்தில் ஒரு மடக்குக் கத்தி. அதை மட்டும் பளிச்சென்று கழுவி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, அங்க தொடாதீங்க! அதை நானே கழுவிக்கறேன்" என்று வண்டிக்காரன் பதறி ஓடிவந்து கதவைச் சாத்தினான். கண்ணாடி போட்ட இளவட்டம். தலைமுதல் கால்வரை சேறு. ஒரு ஷூவில் நாடாவைக் காணோம். நடக்கும்போது அது வாயைப் பிளந்து பிளந்து மூடியது.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"மலைக்காட்டுக்குண்ணே. மேடு பள்ளத்துல இடிக்காம இருக்க வண்டியை உசத்தினதுக்கு அப்புறம் இதுதான் முதல் ஓட்டம். சும்மா ஓட்டிப் பார்க்கலாம்னுதான் போனேன். என்னென்னமோ ஆயிடுச்சு."

ஆயிருக்கும், ஆயிருக்கும் என்று மெக்கானிக் மனதுக்குள் கறுவினார். பொழுதுபோக்குக்கு மான் சுடுகிற கூட்டத்தை அவருக்குத் தெரியாதா? போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் கொண்டுவந்த வண்டியில் கொம்போடு ஒரு தலை கிடந்தது. அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்தார். ஒரு கட்டி நாற்றச் சேறு நேராக அவர் நெற்றியில் விழுந்து வாய்வரை வழிந்தது.

"யாருங்க இதை உசத்தினது?"

"நானேதாண்ணே. வீடியோ பார்த்து."

"நல்லாப் பார்த்தீங்க! ஸ்பிரிங்குக்கு மேல முட்டுக் குடுத்துத் தூக்கிட்டீங்க. பிரேக் ஹோஸை யாரு நீளமா மாத்தறது? விண்ணுனு இழுத்துக்கிட்டு நிக்குது. இன்னும் ஒரு பள்ளத்துல இறங்கியிருந்தா அறுந்திருக்கும். டயரு மட்கார்டைக் கடிச்சுத் தின்னுருக்கு. ஸ்டியரிங் ராடு வில்லா வளைஞ்சிருக்கு."

"அதான் ஸ்டியரிங் அப்படி ஆடிச்சா? எனக்குக் கையே மரத்துப்போச்சுண்ணே."

மெக்கானிக் பல்லைக் கடித்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. "எத்தனை அடிச்சீங்க?"

"கணக்கே இல்லண்ணே. ராத்திரி, மழை வேற. வழி முழுக்க அடிதான்."

கூசாமல் சொல்கிறானே! "பாவமா இல்லையா உங்களுக்கு?"

"இப்பப் பார்த்தா வண்டி பாவமாத்தான் இருக்கு. அந்த நேரத்துல இதையெல்லாம் யோசிக்க முடியுமாண்ணே?"

மெக்கானிக் வெளியே வந்து காறித் துப்பினார். வாயில் போன சேற்றுக்காக இல்லை. இவன் வண்டியைத் தொட்ட கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவுவது என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்கண்ணே. ரெண்டு பேரை மலைமேல கொண்டுபோய் விடணும். மழையில பாதை போச்சு, வேற எந்த வண்டியும் ஏறாது."

கூட்டாளிகள் வேறா! "முடிச்சுடலாம், முடிச்சுடலாம். நீங்க அந்த பெஞ்சுல உட்காருங்க" என்றவர், நேரே உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"சார், வேட்டைக்குப் போன வண்டி ஒண்ணு என் பட்டறையில நிக்குது. பின்சீட்டெல்லாம் ரத்தம். கத்தியும் இருக்கு. ஆளையும் பிடிச்சு வெச்சிருக்கேன், சட்டுனு வாங்க."

ஆள் அனுப்புவதாக அங்கிருந்து சொன்னார்கள். பட்டறையின் பெயரையும் வழியையும் ரெண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

திரும்பி வந்து நாலு சக்கரத்தையும் கழற்றினார். நட்டுகளை அள்ளித் தன் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். இனி இவன் எப்படி ஓடுவான், பார்க்கலாம்.

ஆனால் ஓடுகிற ஆளாக அவன் தெரியவில்லை. பெஞ்சில் சாய்ந்தவன் அப்படியே குறட்டை விட ஆரம்பித்திருந்தான். உயிரைக் கொன்றுவிட்டு வந்தவனுக்கு எப்படித்தான் இப்படித் தூக்கம் வருகிறதோ!

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வனக்காவலர். கசங்கிய சீருடை, சிவந்த கண்கள், மழித்து நாளான முகம்.

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார். "வாங்க சார். அதோ வண்டி. அதோ ஆளு. சக்கரத்தை எல்லாம் கழட்டிட்டேன், எங்கயும் போக முடியாது."

வனக்காவலர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நடந்தார். மெக்கானிக் முந்திப் போய்ப் பின்கதவை அகலத் திறந்து காட்டினார்.

வனக்காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். கண்கள் நிறைந்துவிட்டன.

காட்டிலேயே கிடக்கிற மனுஷனுக்கே தாங்கவில்லை பார் என்று மெக்கானிக் உச்சுக்கொட்டினார்.

வனக்காவலர் விறுவிறுவென்று பெஞ்சருகே போய், தூங்கிக்கொண்டிருந்தவனின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார். அவன் திடுக்கிட்டு விழித்துக் கண்ணாடியைத் தேடினான்.

'மாட்டினான்டா!' மெக்கானிக்குக் காலையிலிருந்து அடைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது.

பிடித்த கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வனக்காவலர் தழுதழுத்தார்:

"என் சம்சாரம் பிழைச்சுட்டா சார், உங்க வண்டியில பொறந்த பொண்ணும் நல்லா இருக்கா!"